சுகர் மேல் போட்ட பழி

…ஆறு என்று எழுதியிருக்கிறாள், மூன்று மாதத்தில் ஆறு முறை லோ சுகர், ஐந்து இருந்தாலே இந்த ஆய்வில் சேர்த்துக்கொள்வார்கள், இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்புக்குள் வைப்பார்களாம், எடுபட்டால் ஊசியே வேண்டாமாம், நானோ மனைவி எழுதிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நாற்காலி நுனியில் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்… பதினோரு வயதில் எனக்கு டைப் ஒன் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்த டாக்டர், ‘இன்னும் அஞ்சே வருஷம்டா, மருந்து வந்துடும்’ என்றார், அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், என் முடி கொட்டிவிட்டது, அந்த ஐந்து வருஷம் மட்டும் ஒரு நாள்கூடக் குறையாமல் அப்படியே இருக்கிறது.

நோட்டில் அவள் கையெழுத்து முத்து முத்தாக. ‘கத்தினார், தட்டைத் தள்ளினார், சுகர் 54.’ ஐம்பத்து நான்கு என்று சொன்னது யார், நான்தான்… சுகர் இறங்கினால் எனக்குக் கோபம் தலைக்கேறும் என்பது அவளுக்குத் தெரியும், ‘முதல்ல சுகர் பாருங்க, அப்புறம் கத்துங்க’ என்றாள், பாத்ரூமுக்குள் போய் விரலைக் குத்தினேன், 112, தங்கமான சுகர், அப்படியானால் தட்டைத் தள்ளியது யார்? வெளியே வந்து ‘அம்பத்திநாலு’ என்றேன். அவள் முகம் அப்படியே இளகிவிட்டது, சர்க்கரைத் தண்ணீர் கலக்கி நீட்டினாள், பாவம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடித்தேன், குடித்த பாவத்துக்குத் திருட்டுத்தனமாக ஓர் இன்சுலின் ஊசியும் போட்டுக்கொண்டேன். ஆறில் இரண்டு இப்படி. கழித்தால் நான்கு. பழைய மெஷின், கடைசி அளவைத் தவிர எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது, என் மனைவிக்கு நேர் எதிர்.

‘அண்ணா, ஆறும் மெஷின்ல பாத்ததுதானே?’ நர்ஸ் நோட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ‘ஒண்ணு விடாம பாத்தாரும்மா, நானே சாட்சி’ என்கிறாள் மனைவி, என்ன ஒரு பெருமை அந்தக் குரலில்… ஊசி இல்லாத மனிதனாகிவிட்டால் அடுத்த தட்டை எதன் மேல் பழி போட்டுத் தள்ளுவேன்? நோட்டைக் கொடுக்கக் கை வரவில்லை, உள்ளங்கை வியர்க்கிறது, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று ஏதோ தொண்டை வரை வருகிறது, இவ்வளவு நல்லவனா நான், நிச்சயம் சுகர்தான் இறங்கியிருக்கும்… மெஷினை எடுத்து அங்கேயே விரலைக் குத்துகிறேன்.

109.

‘எவ்வளவுங்க?’ என்கிறாள். அவள் கை அதற்குள் பைக்குள் சர்க்கரையைத் தேட ஆரம்பித்துவிட்டது.