ஐம்பத்தெட்டுக்கு மூன்று

...அந்த மூன்று புள்ளியையும் எதிர்ப்பக்கத்தார் பாவம் பார்த்துத்தான் விட்டுக்கொடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஐம்பத்தெட்டுக்குச் சைபர், சுத்தச் சைபர்... கரண்டியால் மசித்த உருளைக்கிழங்கை அள்ளித் தட்டில் அடித்தேன், கிரேவி அந்தப் பிள்ளையின் சட்டையில் தெறித்தது, சொறி, சொறி என்றேன்... பக்கத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்த கிளடிஸ் திரும்பிப் பார்த்தாள். "என்ன தில்லையம்பலம் அண்ணை, முகம் ஏன் உப்பிடிக் கிடக்கு? வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" "ஒண்டுமில்லைப் பிள்ளை." வேறென்ன சொல்வது? யூனிவேசிற்றிச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிற ஐம்பது வயது மனுசன், வேலைக்கு வருமுன் மூன்று மணித்தியாலம் குளிருக்குள் குந்தியிருந்து, இந்தப் பொடியங்கள் முட்டை வடிவப் பந்தோடு விழுந்தெழும்புவதைப் பார்த்தேன், நாங்கள் தோற்றுப்போனோம் என்றா? நாங்களாம்... யார் நாங்கள்? இரண்டு வருசத்துக்கு முன், தொண்ணூற்றிரண்டில், இங்கே சேர்ந்த புதிதில் எனக்கு அந்த விளையாட்டின் தலையும் விளங்கவில்லை காலும் விளங்கவில்லை, எழுபத்திரண்டாம் நம்பர்ச் சட்டை போட்டு விளையாடுகிற பொடியன்தான் உப்புப் போத்தல்களை மேசையில் வரிசையாக அடுக்கி விளங்கப்படுத்தினான், என் பெயரைக் கேட்டுத் தில்லா என்று சுருக்கியவனும் அவன்தான், அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை, பிறம்ரனில் மச்சான் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில்கூடப் பாதியில் எழும்பி வந்தேன், வீட்டுக்காரி நாகேஸ்வரி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, ஒரு மனுசிக்கு இதை எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது... இன்றைக்கு இடைவேளையோடேயே சனம் எழும்பிப் போய்விட்டது, என் வாங்குப் பலகையில் நான் மட்டும், இந்த எழுபத்திரண்டாம் நம்பர் ஏன் இடப்பக்கத்தைக் காக்காமல் விட்டான்? மேலேயிருந்து எனக்குத் தெரிந்ததே, எழும்பி நின்று கத்தினேனே, "டேய், இடக்கைப் பக்கம் வாறான், பார்!" தமிழில் கத்தினால் அவனுக்கு என்ன விளங்கும்?

விளையாடின பொடியங்கள் வந்துவிட்டார்கள். ஈரத் தலை, பெரிய பெரிய தோள்கள்... சிரிக்கிறார்கள்! ஒருவன் பாண் துண்டைத் தூக்கி மற்றவனுக்கு எறிகிறான், ஐம்பத்தெட்டு வாங்கியவனுக்கு எப்படிப் பசிக்கும், எப்படிச் சிரிப்பு வரும், கேட்கத்தான் போகிறேன், இடப்பக்கம் ஏனடா விட்டாய் என்று முகத்துக்கு நேரே, பஸ்ஸில் வரும்போதே ஆங்கிலத்தில் வசனம் கட்டி வைத்திருக்கிறேன்... எழுபத்திரண்டாம் நம்பர்க்காரன் தன் தட்டை நீட்டினான். இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. என்னைப் பார்க்காமல், இறைச்சியைப் பார்த்தபடி கேட்டான், தில்லா, இன்றைக்கு விளையாட்டுப் பார்க்க வந்திருந்தாயா? "இல்லை," என்றது என் வாய், "வேலை." நல்லதாய்ப் போயிற்று என்றான், தோள் இரண்டும் மெல்ல இறங்கின. மேசைக்குப் போய் இருந்ததும் மறுபடி அதே சத்தமான சிரிப்பு. நான் ஏன் பொய் சொன்னேன்? அவனுக்காகவா, அல்லது... அடுத்த சனிக்கிழமையும் போகத்தான் போகிறேன், இனி எங்கே குந்தியிருப்பது, அவன் நிமிர்ந்து பார்த்தாலும் கண்ணில் படாத வாங்கு எது?