ஒகுதானியின் ராஜினாமா

ஒகுதானி முதல் தடவை ராஜினாமா செய்தபோது அண்ணாச்சி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். இரண்டாவது தடவை பொன்னாடையோடு அவருடைய விடுதி அறைக்கு ஒரு ஏ.சி.யும் வந்தது. மனிதர் கட்டிலில் உட்கார்ந்து அந்த ஏ.சி.யை அண்ணாந்து பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஜெயிலுக்கு இன்னொரு பூட்டுப் போட்டதைப் போலப் பார்த்தார்.

அண்ணாச்சி என்றால் ஆவுடைநாயகம். பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி, கல்லூரிக்குப் பின்னால் புல் மைதானம், மைதானம் சும்மா கிடக்கிறதே என்று ஒரு கால்பந்து கிளப், எல்லாம் அவருடையது. கிளப்புக்கு மேனேஜர் ஒகுதானி. அவருக்கு உதவியாள் ஜாபேஸ், அதாவது நான். கல்லூரி பி.டி. மாஸ்டர் வேலையும் என் தலையில்தான்.

ஒகுதானி ஜப்பானின் வடக்கே ஒரு துறைமுக ஊர்க்காரர். பதினான்கு வருடம் இரண்டாம் டிவிஷனில் ஸ்டாப்பராக ஆடியவர். கோலுக்கு முன்னால் நின்று வருகிறவனை மறிக்கிற வேலை. நானும் படிக்கிற காலத்தில் ஸ்டாப்பர்தான். அதனாலேயே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. முழங்கால் போன பிறகு அவர் மேனேஜரானார். அங்கே மூன்று கிளப்புகளைப் பார்த்திருக்கிறார். அணி கவிழ்ந்தால் அன்று மாலையே பதவியை விட்டுவிடுவாராம். யாரும் கேட்க வேண்டியதில்லை, அதுதான் மரியாதை என்றார். இங்கே நாங்கள் லீக்கில் கடைசியாக வந்தோம். அவர் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்து நின்றார். அண்ணாச்சி பிரித்துக்கூடப் பார்க்காமல் டிராயரில் போட்டுக்கொண்டார்.

"நம்மளை நம்பிக் கடல் தாண்டி வந்த மனுஷன். தோத்துட்டாருன்னு அனுப்புனா ஊரு என்ன பேசும்? இருக்கட்டும்லே" என்றார் என்னிடம்.

அண்ணாச்சி யாரையும் வேலையைவிட்டு அனுப்பியதில்லை. யாரையும் போகவிட்டதும் இல்லை. விசாவைப் புதுப்பிக்க என்று வாங்கிய ஒகுதானியின் பாஸ்போர்ட் ஆபீஸ் பீரோவில் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்று வாங்கிய என்னுடைய அசல் சான்றிதழ்களும் அதே பீரோவில்தான். கேட்டால், பத்திரமாக இருக்கிறது என்று சிரிப்பார். கத்துகிற முதலாளியோடு சண்டை போடலாம். சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே பூட்டுகிறவரை என்ன செய்வது?

எனக்கு அந்தச் சான்றிதழ்கள் அவசரமாக வேண்டியிருந்தன. என் மனைவி ரீபா மஸ்கட்டில் நர்ஸ். மகள் டார்லினும் அவளோடு இருக்கிறாள். அங்கே ஒரு பள்ளியில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தாள். பள்ளி திறப்பதற்குள் அசல் சான்றிதழ்களோடு போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பிள்ளை இப்போதெல்லாம் போனில் என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு அம்மா தோளில் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். பெற்ற அப்பனிடம் வெட்கம். எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் அண்ணாச்சியிடம் வாயைத் திறக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லூரியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒகுதானியிடம்கூட.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய பழைய கிளப்பே அவரை மேனேஜராகக் கூப்பிட்டது. ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்களாம். மைதானத்துப் பையன்களிடம் பொறுக்கிய தமிழில் என்னிடம் சொன்னார்.

"ஜாபேஸ் வே, என் கிளப் கூப்பிடுது. நான் இங்கன கெடக்கேன்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. அறைக்குள் எதையும் தட்டிக்கழிக்கிற அண்ணாச்சி, மேடையில், நாலு பெரிய மனிதர் முன்னால் கேட்டால் மறுக்க மாட்டார். வாட்ச்மேன் இசக்கி தன் மகளுக்கு இலவச சீட் வாங்கியது அப்படித்தான். "ஆண்டு விழாவில மைக்கைப் பிடிச்சுக் கேளும்" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. இவருக்குப் பலித்தால் அடுத்த ஆள் நான்.

விழாவன்று அண்ணாச்சி கையில் பொன்னாடையோடு மைக் முன்னால் வந்தார். இன்னும் மூன்று வருடத்துக்கு நம்ம ஜப்பான் சார்தான் என்று அறிவித்தார். கைதட்டல். ஒகுதானி எழுந்து, இடுப்புவரை குனிந்து நிமிர்ந்து, மைக்கை வாங்கினார்.

"அண்ணாச்சி, நான் தோத்தேன். மன்னிக்கணும். இருக்க மாட்டேன். ஊருக்குப் போறேன். பாஸ்போர்ட் தாங்க."

நான் சொல்லிக்கொடுத்தது இதைவிட நீளம். அண்ணாச்சி சிறப்பு விருந்தினராக வந்திருந்த நீதிபதியைப் பார்த்தார், முன்வரிசையைப் பார்த்தார். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"பொறந்த ஊரு கூப்பிடுது. தடுக்க நாம யாரு? போய்ட்டு வாங்க சார்."

பலித்துவிட்டது. எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. மறுநாள் நானும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுவிடுவதென்று முடிவே செய்துவிட்டேன்.

"சரி, இனி கிளப்பை யாரு பாத்துக்குவா?" என்று அண்ணாச்சி மைக்கிலேயே கேட்டார்.

ஒகுதானி மேடையோரத்தில் நின்ற என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. போகிற மேனேஜர் தன் இடத்துக்கு ஒருவரைக் கைகாட்டுவதுதான் தங்கள் ஊரில் பெரிய நன்றி என்று பிற்பாடு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஜாபேஸ். நல்ல ஸ்டாப்பர். நல்ல மேனேஜர்."

"ஏலே ஜாபேஸ், மேல வாலே" என்றார் அண்ணாச்சி.

பையன்கள் என்னைத் தூக்கியே மேடையில் விட்டார்கள். ஒகுதானிக்கு வாங்கிய பொன்னாடை என் தோளில் விழுந்தது. விழா பார்க்க வந்திருந்த என் அப்பா கிருபைராஜ் எழுந்து நின்று வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். "என்னலே, சம்மதந்தான?" என்று அண்ணாச்சி மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். மஸ்கட், ரீபா, பிள்ளை எல்லாம் தொண்டைவரை வந்தது. நான் கும்பிட்டேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் போட்டோவும் வீடியோவும் மஸ்கட்டுக்குப் போய்விட்டன. ரீபாதான் கூப்பிட்டாள்.

"கோச் போறாராக்கும்?"

"போறாரு. பாஸ்போர்ட்டு கைக்கு வந்துட்டு."

"நீங்க?"

"அண்ணாச்சி மேடையில வச்சுக் கேட்டாரு ரீபா. அத்தனை பேரு முன்னால எப்பிடி மாட்டேன்னு சொல்ல?"

அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"கோச்சும் அதே மேடையில நின்னுதான அத்தான் மாட்டேன்னு சொன்னாரு."