தொளதொளத்த செயின்

லிஃப்ட் மெக்கானிக்கின் கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. கூடவே குடியிருந்த அண்ணன் மாரடைப்பில் இறந்த பிறகு, கல்யாணமே செய்துகொள்ளாத அந்த மனிதர் ஏனோதானோவென்று சாப்பிட்டு ஆள் பாதியாகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மேசைமேல் துணி விரித்து கடிகாரத்தை வைத்தார். செயினின் உட்புறத்து அம்புக்குறி காட்டிய பக்கமாக மெல்லிய ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். செயின்தான் நழுவியதே தவிர, கண்ணிகளைக் கோத்திருந்த பின் அசைந்துகொடுக்கவில்லை. "கொஞ்சம் பிடிண்ணே" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு அதை எடுத்து ஓங்கி ஓங்கித் தட்டினார்.

வாசலில் கீழ்வீட்டு அம்மா வந்து நின்றார். "என்னங்க, ஒரே சத்தம்? கண்ணசர முடியல" என்று சண்டைக்கு வந்தவர், அவர் மணிக்கட்டைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "என்னண்ணே, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா?"

"தனியா உக்காந்தா சாப்பாடு இறங்க மாட்டேங்குதும்மா." யாரிடமும் சொல்லாதது பொசுக்கென்று வந்துவிட்டது.

அந்த அம்மா எதிரே உட்கார்ந்து செயினை இறுக்கிப் பிடித்தார். அடுத்த தட்டில் பின் வெளியே வந்தது. மெக்கானிக் மற்ற பின்களையும் தட்டியெடுத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணியைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கோத்து மாட்டிப் பார்த்தார், கச்சிதமாக நின்றது.

"சரி, வரேண்ணே."

கீழே கதவு சாத்தும் ஒலி கேட்டது. தன் கதவைச் சாத்த அவருக்கு மனம் வரவில்லை. திறந்தபடியே விட்டுவிட்டு, சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து வாசலைப் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டார்.