ருக்மணியின் இதயச் சத்தம்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருஷத்து ஏப்ரல் மாதம், ருக்மணிக்கு இதயம் பலவீனம் என்ற செய்தி காஜா பெராங் பேட்டை முழுக்கப் பரவிவிட்டது.

அரிசி மூட்டையைச் சமையற்கட்டுக்குள் இழுத்துப் போட்டபோது நெஞ்சில் சுருக்கென்று வலித்திருந்தது. டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். படுக்கவைத்து எக்ஸ்ரே படம் ஒன்றும் எடுத்தார்.

“இதயம் பெருத்திருக்கு. சத்தமும் ரொம்ப மங்கலா கேக்குது. இனிமே எதையும் தூக்கக்கூடாது. படி ஏறக்கூடாது. அதிர்ச்சியும் ஆகாது” என்றார்.

ருக்மணி இருநூற்று இருபது ராத்தல். அவள் கணவன் நல்லையா அதில் பாதிகூடத் தேறமாட்டான். நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. அன்றிலிருந்து வீட்டு வேலையெல்லாம் அவன் தலையில் விழுந்தது. மாவாட்டினான், தண்ணீர் தூக்கினான், துணி துவைத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சேவல் நேரங்காலம் தெரியாமல் கூவி அவளைத் திடுக்கிட வைத்தது என்று, அதை விலைக்கு வாங்கிக் குழம்பு வைத்தான். இதயத்துக்கு ஆகாதென்று அந்தக் குழம்பிலும் உப்புப் போடவில்லை.

நாலு மாதம் ருக்மணி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தாள். அவ்வப்போது மார்பில் கை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் தட்டுப்படாது. இதயம் எப்போதோ நின்றுபோய்விட்டு, தன்னிடம் சொல்ல மறந்துவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றும்.

ஆகஸ்டு நடுவில் பக்கத்து வீட்டு ரஹீமா வந்தாள். துணிக்கடைக்காரர் மனைவி. சுதந்திர விழா விளையாட்டுகளில் பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு பேரு சேந்துட்டோம் அக்கா. கடைசியில கயித்த உடம்புல சுத்திக்கிட்டு நிக்கத்தான் ஆள் இல்ல. பக்கத்துப் பேட்டை தெங்கேரா பொம்பளைங்க போன வருஷப் போட்டியில எங்கள கோழிக்குஞ்சாட்டம் இழுத்துட்டாங்க.”

“இவ இருமினாலே எனக்கு உசுரு போயிட்டு வருது. கயிறா இழுக்கணும்?” என்றான் நல்லையா.

“அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு லேடி டாக்டர் வந்திருக்காங்க அண்ணே. சந்திரமதின்னு பேரு. ஒருக்கா காட்டிட்டு வாங்களேன்.”

கயிற்றுக்காக இல்லாவிட்டாலும் நல்ல மருந்து ஏதாவது கிடைக்குமே என்று நல்லையா சம்மதித்தான்.

டாக்டர் சந்திரமதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவரும் முதலில் குழாயை வைத்துக் கேட்டுப் புருவத்தைச் சுருக்கினார். ருக்மணி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“கேக்கலதானே டாக்டர்?”

“கொஞ்சம் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா. இடது கைய தலைக்கு மேல வைங்க. மூச்ச நல்லா வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க.”

ருக்மணி கட்டில் முனக மெல்லத் திரும்பிப் படுத்தாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழுப்பி உட்காரவைத்து, முன்னால் குனியச் சொல்லி மறுபடியும் கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. குழாயைக் கழற்றி ருக்மணியின் காதிலேயே மாட்டிவிட்டு, மறுபடி ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்.

லப் டப், லப் டப் என்று கேட்டது. ருக்மணிக்கு முதலில் அது யாருடையது என்றே புரியவில்லை.

“உங்களுதுதாம்மா. ஒரே சீரா அடிக்குது” என்றார் டாக்டர்.

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கியது. குழாயைக் கழற்ற மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் அதோடு விடவில்லை. கை காலில் கம்பி மாட்டி இதயத் துடிப்பைத் தாளில் கோடாக எடுத்தார். நிற்கவைத்து, மூச்சை நன்றாக உள்ளே இழுக்கச் சொல்லிப் புதிதாக எக்ஸ்ரே எடுத்தார். அவர்கள் கையோடு கொண்டுவந்திருந்த பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நல்லையாவிடம் காட்டினார்.

“உடம்பு கனமா இருக்கிறவங்க படுத்தா, வயிறு மேல தள்ளி இதயம் குறுக்கால சாஞ்சிடும். சுத்தி இருக்கிற கொழுப்பும் சேந்து படத்துல பெருசா தெரியும். சத்தமும் அத்தனை சதையத் தாண்டித்தான் வெளிய வரணும், அதான் மங்கலா கேட்டிருக்கு. அன்னைக்கு வந்தது தசைப் பிடிப்பு வலி. ஆனா எடை முப்பது ராத்தலாவது குறையணும். அது உண்மை.”

“அப்ப கயிறு இழுக்கலாமா டாக்டர்?” என்று ருக்மணி கேட்டாள்.

நல்லையா அவளைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் அவளை ஆஸ்பத்திரி மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொன்னார். ருக்மணி மூச்சு வாங்க வந்து நின்றதும் நாடியைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தார்.

“தினமும் கொஞ்சம் கொஞ்சமா பழகிட்டு இழுங்க. நெஞ்சு வலிச்சா அந்த நிமிஷமே விட்டுடணும்.”

செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலை. படாங் மைதானத்தைச் சுற்றிப் புதுக் கொடிகள். காஜா பெராங்கும் தெங்கேராவும் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தன. தெங்கேரா கயிற்றின் கடைசியில் ஜமீலா என்ற மலாய்க்காரப் பெண் நின்றாள். ருக்மணிக்குச் சற்றும் குறையாத உடம்பு.

முதல் இழுப்பு தெங்கேராவுக்கு. இரண்டாவது காஜா பெராங்குக்கு. மூன்றாவதில் கயிறு இரண்டு பக்கமும் அசையாமல் நின்றது. நல்லையா கயிற்றோரமாக ஓடிவந்து, “போதும் ருக்கு, விட்டுடு” என்று கெஞ்சினான்.

“தள்ளி நில்லுங்க. மறைக்கிறீங்க” என்றாள் அவள்.

குதிகாலை மண்ணில் புதைத்து, பின்னால் சாய்ந்து, இருநூற்றுப் பதினைந்து ராத்தலையும் கயிற்றில் போட்டாள். அந்தப் பக்கம் யாருக்கோ கால் வழுக்கியது. தெங்கேரா முழுதும் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தது. ருக்மணி மல்லாந்து கிடந்தாள். இதயம் இடிக்கிற இடிக்குக் கை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஓடிவந்த நல்லையா அவள் சிரிப்பதைப் பார்த்து, கூட்டத்தின் நடுவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

ஜமீலா வந்து கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டாள். டாக்டர் சொன்ன எடையைக் குறைக்க ருக்மணி தினமும் காலையில் தெங்கேரா வரை நடக்க ஆரம்பித்தாள். ஜமீலா தன் வீட்டு வாசலில் காத்திருப்பாள். இருவரும் கடற்கரை வரை போய்த் திரும்புவார்கள். வருஷ முடிவுக்குள் ருக்மணிக்கு இருபது ராத்தல் இறங்கியது. ஜமீலா வீட்டுப் பலகாரம் மட்டும் இல்லாதிருந்தால் முப்பதும் இறங்கியிருக்கும் என்று நல்லையா சொல்லிக்கொண்டிருந்தான்.