எல்லாக் காலுக்கும் அறுபது கண்

இந்தக் காலத்தில் யாரும் ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போவதில்லை. ஊசியைப் பிடிக்கக் காட்டியவன்கூட, நாம் சாகிறவரைக்கும் ‘நான்தான் காட்டினேன்’ என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிவான். அதனால் நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. என் கொழுந்தியாளிடமும் கேட்கவில்லை. அவளாகத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் வந்தது என் மனைவியின் காலுக்காக. நான் பின்னிக் கொடுத்த சாக்ஸ் நடக்கும்போது சரிந்து குதிகாலுக்கு அடியில் சுருண்டதாம், அதனால்தான் டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்தாளாம். இடது கணுக்கால் எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்ட அன்றே தங்கைக்காரி பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

“கட்டு பிரிச்சதும் அக்காவ என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன் மாமா. அங்க பாத்துக்க ஆள் இருக்கு.”

“இங்க ஆள் இல்லையா?”

“இங்க இருக்கறது ஆளா, தூணா?”

என் மனைவி சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இல்லாத வீட்டில் நான் படுத்ததில்லை. அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும், அதற்குமேல் தெரியாது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

“சரியாத சாக்ஸ் ஒரு ஜோடி பின்னிக் குடுங்க, நான் இங்கேயே இருந்துக்கறேன்” என்றாள் மனைவி.

“குடுத்துட்டா?” என்று தங்கைக்காரியைப் பார்த்தேன்.

“குடுத்துட்டா நான் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டே இருக்கேன்.”

எனக்குப் பின்னத் தெரியும். குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்கினவன் நான். கம்பெனி கொடுத்த சாக்ஸ் ஒரு மாதத்தில் கிழியும். லாரி வரும்வரை வாசலில் உட்கார்ந்து நாங்களே பின்னிக்கொள்வோம். எங்களுக்கு ஒரே சட்டம்: எல்லாக் காலுக்கும் அறுபது கண், அதாவது ஊசியில் ஏற்றும் நூல் வளையம் அறுபது. நெட்டையனுக்கும் அறுபது, குள்ளனுக்கும் அறுபது. போட்டுக்கொண்டவன் வாயைத் திறந்ததில்லை.

கொழுந்தியாள் பின்னுவது வேறு ரகம். சாக்ஸின் மேல் கயிறு திரித்து ஓடவிட்ட மாதிரி முறுக்கு முறுக்காக எழும்பி நிற்கும். கேபிள் என்றாள். அது காலைக் கவ்விப் பிடிக்குமாம், சரியாதாம்.

“இந்த நாலு கண்ண நேரா பின்னாதீங்க. ரெண்டக் குட்டி ஊசியில எடுத்து முன்னால தொங்க விடுங்க. அடுத்த ரெண்டப் பின்னிட்டு, அப்புறம் தொங்கறதப் பின்னுங்க.”

“தொங்க விட்டா விழுந்துடுமே.”

“விழறதுக்கு அது என்ன உங்க கிடங்கு மூட்டையா? நூல், மாமா.”

விழவில்லை. கண்கள் இடம் மாறி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. முறுக்கு எழும்பியது. நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

“அடுத்த காலுக்குப் பின்னும்போது குட்டி ஊசியப் பின்னால தொங்க விடணும். அப்பத்தான் முறுக்கு எதிர்ப்பக்கம் போகும். ரெண்டும் ஒண்ணப் பாத்து ஒண்ணு நிக்கும்.”

“நின்னு என்ன, கல்யாணமா பண்ணிக்கப் போகுது?”

“இன்னொண்ணு மாமா. அறுபது பத்தாது. முறுக்கு துணிய உள்ள இழுக்கும். பன்னெண்டு கண் கூட்டிக்குங்க.”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கண்ணைக் கூட்டினால் சாக்ஸ் தொளதொள என்று ஆகும். தொளதொள என்று ஆனால் சரியும். சரிந்தால் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகப்போவது யார்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை! தலையை ஆட்டிவிட்டு, அறுபதிலேயே முதல் சாக்ஸை முடித்தேன்.

இரண்டாவதை அவள் சொன்ன கணக்கில் பின்னினேன். நம்பி இல்லை. அது சரிந்து தொங்குவதை அக்காவுக்கே காட்டி, உன் தங்கை லட்சணத்தைப் பார் என்று சொல்வதற்கு. முடிந்ததும் இரண்டிலும் கையை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது வழுக்கிக்கொண்டு ஏறியது. முதலாவது மணிக்கட்டைத் தாண்ட மறுத்தது. மூட்டை தூக்கின கை, தடிமன் என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன்.

கட்டு பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, கொழுந்தியாளின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. மனைவி சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டினாள். நான் கீழே உட்கார்ந்து முதல் சாக்ஸை மாட்டினேன். விரல் போனது, பாதம் போனது, குதிகாலில் நின்றுவிட்டது. இழுத்தேன்.

“ஐயோ! காலக் கழட்டி எடுத்துடுவீங்க போலிருக்கே!”

“வீக்கம் இருக்குல்ல. அதான்.”

“இது வலது கால். நல்ல கால்.”

கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மற்றதை எடுத்து, அடிபட்ட காலில் மாட்டினேன். தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. மனைவி எழுந்து சுவரைப் பிடித்து நாலடி நடந்தாள். இம்மியும் இறங்கவில்லை.

“பன்னெண்டு கூட்டினது இதுதானே மாமா?”

மனைவி திரும்பி வந்து உட்கார்ந்தாள். “இது எப்ப முடிஞ்சுது?”

“போன வாரம்.”

“அப்ப ரெண்டயும் கையில மாட்டிப் பாத்திருப்பீங்க. மொதல்ல பின்னினது ஏறாதுன்னு போன வாரமே தெரியும்.”

“கம்பளிதானே, இழுத்தா நெகிழும்னு நெனச்சேன்.”

“பிரிச்சுப் பின்னியிருக்கலாம்ல?”

“பின்னினத எவனாவது பிரிப்பானா?”

அவள் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தாள். “விழறதுக்கு முன்னாடி உங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன், சாக்ஸ் சரியுதுன்னு? ‘அறுபதுன்னா அறுபதுதான்’னு டிவியப் பாத்துட்டே சொன்னீங்க.” பிறகு தங்கையிடம் சொன்னாள்: “பெட்டிய எடுடி.”

காரில் ஏறும்போது வலது காலில் தங்கையின் சாக்ஸும் இடது காலில் என்னுடையதும் போட்டிருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, “என்னோடதக் கழட்டிக் குடுத்துட்டுப் போ” என்றேன்.

“குடுக்க மாட்டேன்” என்றாள். “இது சரியறதில்ல.”

கார் நகர்ந்தது. கொழுந்தியாள் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்: “இன்னொண்ணப் பிரிச்சுப் பின்னுங்க மாமா! நூல் வீணாகாது!”

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வீட்டுப் பக்கம் போகப் பிடிக்கவில்லை, எதிர்ப்பக்கம் நடந்தேன். சட்டைப்பைக்குள் அந்த ஏறாத சாக்ஸ் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நெகிழ்கிற மாதிரிதான் இருந்தது. கிடங்கில் எத்தனை கால் பார்த்திருக்கிறேன், ஒரு குதிகாலாவது இப்படிச் சிக்கியதுண்டா? அவளுடைய குதிகால் அகலம், அதற்கு நூல் என்ன செய்யும், நான் என்ன செய்வேன்?

பிரிக்க வேண்டுமாம், பிரிக்க.