பெரிதாகத் திரும்பிய அலை

நாட்டிங்ஹாம் ஆய்வுக்கூடத்துப் பச்சைத் தொட்டியோடு ஹெஸ்டர் நான்கு வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தொட்டியின் நடுவே ஓர் ஓட்டை. சாயம் கலந்த தண்ணீர் சுழன்று சுழன்று அதில் இறங்கும். கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியை இழுத்துச் சுழற்றுவதும் இதே கணக்குத்தான். கருந்துளைக்குப் பக்கத்தில் யாரும் போக முடியாது. தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம். சுழலை நோக்கி ஓர் அலையை அனுப்பினால், அது சுழலின் சக்தியைக் கொஞ்சம் திருடிக்கொண்டு பெரிதாகத் திரும்ப வேண்டும்.

பேராசிரியர் கில்பர்ட் அந்த ஓர் அலைக்காகவே தலை நரைத்தவர். இந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு, தொட்டியையும் பிரித்துவிடுவார்கள். போன மாதம்தான் அலை பெரிதாகத் திரும்பி வந்தது. மனிதர் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு ஆடினார்.

சுழலை நிலைநிறுத்துவது பெரும்பாடு. அதனால் ஒருமுறை அமைந்துவிட்டால், தண்ணீரைச் சுற்றவிடும் பம்பை யாரும் தொடமாட்டார்கள். சுழலில்லாத தண்ணீரில் அலையை விட்டுப் பார்க்கும் சோதனையைத் தொட்டி புதிதாக வந்தபோது செய்ததோடு சரி. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. இத்தனை பட்டம் வாங்கியவர்களுக்கும் அது அப்படித்தான் மறைக்கும்.

அந்த முடிவை எழுதிய கட்டுரையை அனுப்புமுன் மனம் கேட்காமல் ஹெஸ்டர் இன்று பம்பை நிறுத்தி ஓட்டையை அடைத்தாள். தண்ணீர் அசையாமல் நின்றதும் அலையை விட்டாள். அது பெரிதாகத்தான் திரும்பி வந்தது.

திருடுவதற்குச் சுழலே இல்லையே! தொட்டியின் கோடியில் கையைவிட்டுத் தடவினாள். அலையை விழுங்குவதற்காக வைத்த பஞ்சு, நாளாவட்டத்தில் தண்ணீரிலிருந்த சுண்ணாம்பு ஏறிக் கல்லாகியிருந்தது. சுவரில் மோதித் திரும்பும் அலை, போகும் அலையோடு சேர்ந்து பெரிதாகக் காட்டியிருக்கிறது.

கில்பர்ட் தேநீரோடு உள்ளே வந்தார். அந்த ஊரில் யாரையும் செல்லமாகக் கூப்பிடுவது வாத்து என்றுதான்.

"என்ன வாத்தே, சுழல நிறுத்திட்டியா? உனக்கென்ன பைத்தியமா?"

"கில்பர்ட், கொஞ்சம் இதப் பாருங்க."

மறுபடி அலையை விட்டுக் காட்டினாள். அவர் அலையின் உயரம் காட்டும் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ விடு."

விட்டாள். அதேதான்.

"அப்போ நான் பாத்தது..."

"சுவரு பண்ணின வேலை."

"சுவரா?" என்று சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சுவரப் பாத்தா அந்த ஆட்டம் ஆடினேன்?"

"பஞ்ச மாத்திட்டுத் திரும்ப எடுத்துரலாம்."

"எப்போ எடுப்ப? தொட்டியப் பிரிக்க திங்கக்கிழமை ஆள் வர்றாங்க."

அவளுக்குக் கண் கரித்தது. பேசாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தாள், நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

கில்பர்ட் சட்டைக் கையை மடித்து, தண்ணீருக்குள் கைவிட்டு அடைப்பைப் பிடுங்கினார். தண்ணீர் முதலில் தயங்கியது, பிறகு தானாகவே சுழலத் தொடங்கியது. பம்பு வைத்துப் பாடுபட்டும் அவர்களுக்கு ஒருநாளும் இவ்வளவு அழகாக அமையாத சுழல்.

பழக்கதோஷத்தில் ஹெஸ்டரின் கை விசைக்குப் போனது. "அலை விடட்டுமா?"

"வேண்டாம் வாத்தே. அது பாட்டுக்குப் போகட்டும்."

கடைசித் தண்ணீர் இறங்கும்வரை இருவரும் நின்று பார்த்தார்கள். தேநீர் ஆறிப்போயிருந்தது.