அடிநூலின் நிறம்

கூரியரில் வந்த பெட்டிக்குள் ஒரே ஒரு ஈதான் இருந்தது. அதுவும் முள் நிமிர்ந்துபோன ஈ.

முதலாளியம்மா அதை இடுக்கியால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, பட்டறையில் இருந்த எட்டுப் பேரின் கைகளும் ஒன்றாக நின்றன. தூண்டில் முள் என்றால் அரைவட்டமாக வளைந்திருக்க வேண்டும். இது ஊசி மாதிரி நீண்டு கிடந்தது. கூடவே அதை வாங்கியவரின் கடிதம். நான்கு நாள் ஆற்றில் நின்ற பிறகு கடித்த ஒரே சால்மன் மீன், ஒரே இழுப்பில் முள்ளை நிமிர்த்திவிட்டுப் போய்விட்டதாம்.

"மீனுக்கு நல்ல நேரம். நமக்குத்தான் நேரம் சரியில்ல. யாரு கட்டினது இது?" என்றார் முதலாளியம்மா.

எட்டுத் தலைகளும் மேஜைப் பக்கம் குனிந்தன.

மிஷின் தன் முள் டப்பாவை மெல்ல மூடினாள். மிஷின் என்பது பட்டறை அவளுக்கு வைத்த பெயர். அடுத்தவள் மூன்று ஈ கட்டுவதற்குள் அவள் ஐந்து கட்டிவிடுவாள். 'ஊர்ல வேலை இல்லாதவங்க ஈ ஓட்டுவாங்க, நாங்க ஈ கட்டுறோம்' என்று பட்டறையில் ஒரு பழைய ஜோக் உண்டு. சின்ன முள்ளில் இறகும் பட்டும் ஜரிகையும் சுற்றி, ட்ரவுட்டும் சால்மனும் ஏமாந்து கவ்வுகிற மாதிரி பூச்சி செய்வதுதான் வேலை. பதினோரு வருடமாக அதே ஜன்னலோர நாற்காலி. சாப்பாட்டு நேரத்தில்கூட அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்த நாற்காலிதான் இப்போது ஆடிக்கொண்டிருந்தது.

பட்டறையில் ஒரே ஒரு சட்டம். முள்ளை வைஸ் என்கிற குட்டிப் பிடிப்பானில் இறுக்கியதும் நூலைத் தொடக்கூடாது. முதலில் முள்ளின் நுனியை நகத்தால் ஒரு தட்டு. நல்ல எஃகு என்றால் 'டிங்' என்று பாடும். சொத்தை என்றால் ஊமையாக இருக்கும், தூக்கிப் போட வேண்டும். நூறு முள்ளில் இரண்டு மூன்று சொத்தை எப்படியும் இருக்கும். சொத்தை முள்ளில் சால்மன் ஈ கட்டியவள் பெஞ்சை விட்டு எழுந்துவிட வேண்டும். போன வருடம் ஒருத்தி அப்படித்தான் எழுந்தாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

மிஷின் ஒரு முள்ளைக்கூடத் தட்டாமல் விட்டதில்லை. ஆனால் மூன்று மாதமாக அவளுக்கு 'டிங்' கேட்கவில்லை.

முதலில் இடது காது போனது. பிறகு வலது காதில் மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயின. வாசல் மணி, போனின் கூவல், கரண்டி தட்டில் படும் ஓசை. "காதுல பஞ்சு வச்சிருக்கியா?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது, "உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு காதுக்கே சலிச்சுப் போச்சு" என்று சிரித்துச் சமாளித்தாள். பட்டறையில் சிரித்துச் சமாளிக்க முடியாது. முள்ளை இழுத்துப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் தட்டாமல் இழுக்கிறவளைப் பக்கத்தில் இருப்பவள் 'ஏன்?' என்று கேட்பாளே! அதனால் எல்லோரையும் போலத் தட்டினாள். தட்டிவிட்டு, கேட்டது மாதிரி தலையை ஆட்டினாள். நிறத்தையும் பளபளப்பையும் பார்த்துக் குத்துமதிப்பாக ஒதுக்கினாள்.

"சரி. சொல்ல மாட்டீங்க. ஈயே சொல்லட்டும்" என்று முதலாளியம்மா பிளேடை எடுத்தார்.

ஒவ்வொருத்திக்கும் ஓர் அடிநூல் உண்டு. முள்ளின் மேல் முதலில் சுற்றுகிற நூல், அவரவர் நிறத்தில். அதன்மேல் மற்றதெல்லாம் ஏறிவிடுவதால் வெளியே தெரியாது. பெட்டி மாறினாலும் சீட்டு தொலைந்தாலும், அதை மறைக்க முடியாது. மிஷினின் நிறம் பச்சை.

பிளேடு ஈயின் தலையில் இருந்த கறுப்பு வார்னிஷைச் சுரண்டியது. கறுப்பு நூல் பிரிந்தது. இறக்கைக்கு வைத்த இறகுகள் நான்கும் மேஜையில் விழுந்தன. ஜரிகை சுருள் சுருளாக வந்தது. சிவப்புப் பட்டு அவிழ, அவிழ, அவிழ...

'பச்சைதான். பச்சையேதான். எழுந்துடு. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீயே எழுந்துடு.'

கடைசிச் சுற்று விலகியது. அடியில் இருந்தது மஞ்சள்.

மிஷின் மூச்சு விட்டாள். நன்றாக, நெஞ்சு நிறைய. அந்த மூச்சு பாதியிலேயே நின்றது.

மஞ்சள், இடது பக்கத்து நாற்காலி. ரேடியோவின் நிறம்.

காலையில் வைஸைத் துடைக்கத் தொடங்கும்போதே பேச ஆரம்பித்து சாயங்காலம் வரை நிறுத்தாதவள் என்பதால் அவள் ரேடியோ. இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. மெதுவாகத் திரும்பி மிஷினை ஒரு முறை பார்த்தாள். அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பார்வை போதும். மிஷினுக்கு அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ரேடியோ மதியத்துக்கு மேல்தான் ஓடி வந்தாள். நாலு மணி வேனில் அவளுடைய பெட்டி போயாக வேண்டும். "அக்கா, முள்ளைத் தட்டக்கூட நேரம் இல்லக்கா" என்று அழாத குறையாக நின்றவளிடம், தன் தகர டப்பாவை நகர்த்தியவள் மிஷின்தான்.

"தட்டினதாக்கா?"

"தட்டினதுதான். எடுத்துக்கோ."

நாற்பது முள்.

"நீயா?" முதலாளியம்மா ரேடியோவின் முன்னால் வந்து நின்றார். "வாய்தான் ஓயாது, கை சுத்தம்னு நினைச்சேனே! தட்டினியா இல்லையா?"

"எப்படி வந்துச்சுன்னு தெரியலம்மா."

"தெரியலையா? பேச்சு சுவாரசியத்துல காது எங்கேயோ போயிருக்கும். எழுந்திரு."

ரேடியோ எழுந்தாள். நூல் சுற்றிய பாபினைக் கழற்றிவிட்டுக் கத்தரிக்கோலை உறையில் போட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'அக்கா கொடுத்த முள்' என்று. சொல்லவில்லை. ஈ வாயில் போனாலும் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவள், இதைச் சொல்லவில்லை.

மிஷினின் கண் தன் நாற்காலியின் கைப்பிடி மேல் போனது. பதினோரு வருடம் முழங்கை தேய்த்து வழவழப்பாக்கிய கைப்பிடி. சும்மா இருந்தால் போதும். யாருக்கும் தெரியாது. நாளைக்கும் இங்கேயே உட்காரலாம், தட்டலாம், தலையாட்டலாம்.

ரேடியோ சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். திறக்காத டப்பா.

"அம்மா, அந்த முள் என்னோடது."

தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று மிஷினுக்குத் தெரியவில்லை. எல்லோரும் திரும்பியதைப் பார்த்தால் சத்தமாகத்தான் வந்திருக்க வேண்டும்.

"நூல் மஞ்சளா இருக்கே."

"நூல் அவளோடது. முள் என் டப்பாவுல இருந்தது. தட்டினதுன்னு சொல்லிக் கொடுத்தேன். தட்டவும் செஞ்சேன்மா. கேக்கல."

"கேக்கலன்னா?"

"காது கேக்கலம்மா."

முதலாளியம்மா நம்பவில்லை. ரேடியோவைக் காப்பாற்ற இவள் கதை விடுகிறாள் என்று நினைத்திருப்பார். "அந்தச் சுவரைப் பாத்துத் திரும்பி நில்லு. நான் ஒவ்வொண்ணா தட்டுறேன். நல்லதா சொத்தையான்னு சொல்லு."

மிஷின் சுவரைப் பார்த்து நின்றாள். வெள்ளைச் சுவர். பழைய காலண்டர் ஆணி. முதுகுக்குப் பின்னால் ஒரு உலகமே பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி இருந்தது. காத்திருந்தாள். இவ்வளவு நேரத்தில் தட்டியிருப்பார்.

"நல்லது" என்றாள்.

சரி, அடுத்தது. "இது... சொத்தை."

ஒரு கை தோளைத் தொட்டுத் திருப்பியது. முதலாளியம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. கோபமே தேவலை என்று தோன்றியது.

"நான் இன்னும் தட்டவே இல்ல" என்றார்.

கையிலிருந்த முள்ளை மேஜையில் வைத்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமாம்மா."

முதலாளியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே கால். வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளில் மிஷின் கட்டியவை மட்டும் நானூறு. "வேன்காரனுக்குப் போன் போடுங்க, இன்னிக்கு வர வேணாம்னு. ஏற்கெனவே போனதுக்கு நான் கடிதம் எழுதுறேன். பெட்டியெல்லாம் உள்ளே வரட்டும்" என்றார். பிறகு மிஷினிடம், "இறகு சுத்தின முள் தட்டினாலும் பாடாது. ஒவ்வொண்ணா வைஸ்ல மாட்டி இழு. திரும்பி வந்தா நல்லது. விரிஞ்சபடி நின்னா சொத்தை. நானூறும் நீதான் பாக்கணும்."

"சரிம்மா."

"தட்டாம கட்டினதுக்கு உனக்கும் இருக்கு" என்று ரேடியோவை நோக்கி விரலை நீட்டினார். "டப்பாவை வச்சுட்டு உட்காரு."

இழுத்தாள். திரும்பி வந்தது. இழுத்தாள். திரும்பி வந்தது. பதினேழாவது ஈ, நீல இறகு வைத்த அழகான ஈ, இழுத்ததும் வாயைப் பிளந்தபடி நின்றது. மிஷின் அதைக் கழற்றித் தனியாக வைத்தாள். இந்த மூன்று மாதத்தில் இப்படி எத்தனை ஈ ஆற்றுக்குப் போயிருக்கும்?

ஆறு மணிக்கு மேஜையில் பதினோரு சொத்தை கிடந்தது. முதலாளியம்மா அவற்றை விரலால் தள்ளி எண்ணிப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில காது டாக்டரைப் பாரு. அவர் எழுதின சீட்டோட வா. காது திரும்புமா, மிஷின் ஏதாவது வச்சுக்கணுமா, எல்லாம் கேட்டுட்டு வா."

"நாற்காலிம்மா..."

"சீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அதுல வேற யாரும் உட்கார மாட்டாங்க."

அவர் போனதும் இடது பக்கம் ஏதோ அசைந்தது. ரேடியோ தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து, வலது பக்கம் பொத்தென்று போட்டாள்.

"மூணு மாசமா என் மேல கோபம்னு நினைச்சுட்டேன்க்கா. நான் என்ன சொன்னாலும் 'உம்' கொட்டிட்டு அப்படியே இருப்பியே! பாவி, செவிட்டுப் பக்கமா உட்கார்ந்து இவ்வளவும் பேசியிருக்கேன். எல்லாம் வீணா?"

"எதுவும் கேக்கல."

"குழந்தைக்குப் பல்லு முளைச்சது?"

"கேக்கல."

"என் மாமியார் மாடியிலேர்ந்து செல்போனைப் போட்டு உடைச்சது?"

மிஷினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தலையை ஆட்டினாள். இல்லை.

"இந்தப் பக்கம் கேக்குதா?"

"பாதி."

"பாதி போதும்" என்று ரேடியோ நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன். அவர் சொல்றதை நீ பாதி கேளு, மீதியை நான் கேட்டுக்கிறேன். சரி, மாமியார்லேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?"